அன்பர் உருவைத் தீட்டுதல் பற்றாகுமா?

தோன்றியன யாவும் நிலையற்றவை என்பது பகவன் புத்தர் உணர்த்திய உண்மை. அங்ஙனமாயின், ஓய்வுற்ற முதியவர் ஒருவர் தம் மனைவியின் முகத்தையோ மறைந்த மகனின் முகத்தையோ வண்ணத்தில் தீட்டி வைத்தல் தகுமோ? அழிவதை அழியாது நிறுத்த முயலும் ஆசையன்றோ அது? எனச் சிலர் வினவுவர். இதனை ஆராய்வாம்.

வக்கலி என்னும் பிக்கு, பகவனின் திருமேனியைக் கண்டு களிப்பதிலேயே காலங்கழித்தார். காணத்தக்கது உடலன்று, தருமமே எனப் பகவன் அவரைத் திருத்தினார். சாஞ்சியின் பண்டைச் சிற்பிகளும் பகவனை உருவால் காட்டாது, அடிச்சுவட்டாலும் போதி மரத்தாலும் காட்டினர். ஆயினும், உருவந்தீட்டல் குற்றமென இவற்றால் முடிவு கட்டலாகாது. வக்கலியிடத்துக் கடியப்பட்டது கண் அன்று; கண்டதை விடாது பற்றிய மனமே.

கோலார் தங்கவயலில் வாழும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் வளர்த்த சுரங்கத் தொழில், சாம்பியன் ரீபில் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அங்கு உழைத்தவர் தம் பிள்ளைகளின் முகத்தை எத்துணை நாள் நின்று கண்டிருப்பர்? இரவு ஷிப்டு முடிந்து வந்தால் உறக்கம். விழித்தால் பிள்ளை பள்ளியில். பாறை வெடிப்பும் சிலிக்கோசிஸ் நோயும் பலரை இடையிலேயே கொண்டு போயின. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியோர்க்கு ஓய்வு வந்தது. பிள்ளைகளோ பிழைப்புக்காக விடியுமுன் பெங்களூர் இரயிலேறலாயினர்.

இந்நிலையில், நாற்பதாண்டு உடன் வாழ்ந்தவளை எதிரே இருத்தி, ஒரு மணி நேரம் அமைதியாய் நோக்கும் பேறு தீட்டுபவர்க்குக் கிட்டுகிறது. நெற்றியின் சுருக்கமும் கண்ணின் கீழுள்ள கருமையும் அப்போதுதான் புலனாகின்றன. இஃது அநித்தியத்தைக் கண்ணாற் கற்பதேயாம். கலை கற்றோர்க்கே உரியது எனவும் அஞ்ச வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் ஆஷிங்டன் நகரில் 1934இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் சிலர் ஓவிய வகுப்பொன்று கூட்டி, வேலை நேரம் போகத் தம் தொழிலையும் அன்றாட வாழ்வையும் தீட்டினர். அவை இன்றும் போற்றப்படுகின்றன.

எனினும் இரு இடர்கள் உள. முதலாவது, நோக்கம் பிழைத்தல். பிரெஞ்சு ஓவியர் மோனே, 1879இல் இறந்துகிடந்த தம் மனைவி காமீலின் முகத்தைத் தீட்டினார். அத்துயரிலும் தம் கண் அம்முகத்தில் மாறும் நிறங்களையே ஆராய்ந்ததைப் பின்னாளில் நண்பரிடம் கூறி வருந்தினார். கருணை நீங்கினால், அன்புக்குரியவரும் வெறும் நிறமும் நிழலும் ஆகிவிடுவர்.

இரண்டாவது இடர் நமக்கு மிக நெருங்கியது. வீட்டுச் சுவரில் தொங்கும் படங்களை நோக்குங்கள். கறுத்த தாய் அங்கே சிவந்த மேனியளாய் இருப்பாள். வாழ்நாளில் அணியாத நகையை அணிந்திருப்பாள். அன்பினால் செய்தோம் என்பர். அந்நிறம் இழிவென்று பிறர் சொன்னதை நம் தூரிகையே ஒப்புக்கொள்வதன்றோ அது? பிறப்பால் இழிவில்லை என்று தருமத்தை ஏற்ற நாம், பெற்றவளின் நிறத்தை மறைப்பது எவ்வாறு பொருந்தும்? பஞ்சசீலத்துள் பொய்யாமை நாவுக்கு மட்டும் உரியதன்று, கைக்கும் உரியது.

ஆதலின், ஓய்வுற்ற பெரியீர், தயங்காது தீட்டுங்கள். மறைந்தவர்க்கு முன், இருப்பவரைத் தீட்டுங்கள். உள்ள நிறத்தையே இடுங்கள். படம் முடிந்தபின், அவருக்கு ஒரு குவளை வெந்நீர் வைத்துத் தர உங்கள் கை முன்னினும் விரைகின்றதா எனப் பாருங்கள். விரையுமாயின் அவ்வோவியம் பற்றன்று. படத்தைப் போற்றி ஆளை மறந்தீராயின், வக்கலிக்குச் சொன்னது உங்களுக்கும் சொன்னதே.