உடைந்த இடத்தில் வந்தவன்

திருப்பதி ஆய்வகத்தில் நாங்கள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் தொங்கவிடும் தகடு கட்டைவிரல் நகத்தளவுதான். லாந்தனம் ஒன்றுக்கு நிக்கல் ஐந்து என்று கலந்த கலவை. உள்ளே அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன: ஓர் அடுக்கில் இரண்டும், அடுத்ததில் நிக்கல் மட்டும். 1960-களின் இறுதியில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில், இந்தக் கலவை ஹைட்ரஜனைக் குடிப்பது தெரியவந்தது. லாந்தனம் அடங்கிய மோனசைட் மணலோ நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடக்கிறது!

மின்சாரம் கொடுத்ததும் தண்ணீர், தகட்டின்மேல் எலக்ட்ரானை வாங்கிப் பிளந்து ஹைட்ரஜனை ஒற்றை அணுவாக விடுகிறது. இரட்டையாக இருந்தால் உள்ளே போக முடியாது. ஒற்றையாகத்தான் போக வேண்டும். புதுத் தகடு லேசில் இடம் கொடாது. முதல் சில சுற்றுகளில் சீக்கிரமே மேலே குமிழி கட்டிவிடும். வந்தவன் வாசலோடு திரும்புகிறான். ஏற்றி இறக்க, ஏற்றி இறக்க, உலோகம் விரிசல் விடுகிறது. நிறையும்போது ஏறக்குறைய கால் பங்கு ஊதுகிறதே, தாங்குமா? வெடித்துத் தூளாகிறது. அந்த வெடிப்பில் பிறந்த புது முகங்கள் வழியாகத்தான் அவன் மேலும் மேலும் உள்ளே போகிறான். ஒரு லாந்தனத்துக்கு ஆறு அணு வரை. மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கிய ஹைட்ரஜனைவிட நெருக்கமாக, சாதாரண அறை வெப்பத்தில், ஒரு சாம்பல் நிறத் துகளுக்குள் குடியிருக்கிறான். பெருமாளே, எத்தனை சிறிய இடத்தில் எவ்வளவு பெரிய இருப்பு!

கரியையும் வைத்துப் பார்க்கிறோம். கிராஃபைட்டின் தாள்களுக்கு நடுவே 0.335 நானோமீட்டர்தான் இடைவெளி. 1990-களில் கார்பன் நானோகுழாய்கள் ஹைட்ரஜனை ஏராளமாகப் பிடித்துவைக்கும் என்று பெரிய எண்களாகச் சொன்னார்கள். பிறகு கவனமாக அளந்தபோது அந்த எண்கள் நிற்கவில்லை. கரி ஹைட்ரஜனைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, எளிதில் விட்டும் விடுகிறது. அதுவும் பக்திதான். ஆனாலும் என் மனசு உடைகிற உலோகத்தின் பக்கம்.

போன புரட்டாசியில் சித்தூரிலிருந்து அம்மாவை அழைத்துக்கொண்டு சந்திரகிரி வழியாக வந்து, ஸ்ரீவாரி மெட்டுப் படிவழியாகத் திருமலை ஏறினேன். கோயிலில் பங்காரு வாகிலி என்னும் பொன்வாசலைத் தாண்டியதும் எதிரே குலசேகரப்படி. பெருமாள் வாசலில் படியாய்க் கிடந்தால் போதும் என்று கேட்ட அரசரின் பெயர் தாங்கிய படி. அதற்கு அப்பால், விளக்கொளியில், திருநாமம். அவ்வளவுதான் பார்த்தேன். நெஞ்சு ஊதிப் பருத்து, இதுவரை இறுக்கிப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் படபடவென்று விரிந்துபோயிற்று. உடைந்தேன். வந்தான். "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தோளைப் பிடித்துத் தள்ளினார்கள், தள்ளியது உடம்பைத்தான். அம்மா "கோவிந்தா" என்று கத்திக்கொண்டே என் கையை இறுகப் பற்றியிருந்தாள். நானும் கத்தினேன்.

உடைந்த உலோகத்துக்கு ஒரு கஷ்டம் உண்டு. விரிசல் வழியே காரம் புகுந்து லாந்தனத்தை அரித்து ஹைட்ராக்சைடாக்கிவிடும்; கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். நிக்கலில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுக் கோபால்ட் சேர்த்தால் ஊதல் அடங்கும், ஆயுள் கூடும். அந்தத் தகட்டைத்தான் திங்கட்கிழமை கரைசலில் இறக்கப்போகிறோம். கோவிந்தா என்று சொல்லித்தான் சுவிட்சைப் போடுவேன்.