கடைசிக் கை வரை கணக்கு

2022 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை மாலை, குஜராத்தின் மோர்பி நகரில் மச்சு ஆற்றின் மேல் இருந்த தொங்கு பாலம் அறுந்து விழுந்தது. 135 பேர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்தப் பாலம், பல மாதப் பழுதுபார்ப்புக்குப் பிறகு அக்டோபர் 26 அன்றுதான், குஜராத்திப் புத்தாண்டு நாளில், மறுபடியும் திறக்கப்பட்டிருந்தது. பழுது பார்த்த பாலம் என்று நம்பித்தான் மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு அதில் ஏறினார்கள்.

உண்மைகள் பிணங்களுக்குப் பின்னால் வந்தன. பாலத்தைப் பராமரிக்கும் பொறுப்பைக் கடிகாரத் தயாரிப்புக்குப் பேர்போன ஒரு குழுமத்திடம் 15 ஆண்டுகளுக்கு நகராட்சி ஒப்படைத்திருந்தது. டெண்டர் விடப்படவில்லை. ஒப்பந்தமோ ஒன்றரைப் பக்கம். இவ்வளவு பெரிய பொறுப்பை டெண்டர் இல்லாமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று குஜராத் உயர் நீதிமன்றம் கேட்டது. நகர்மன்றப் பொதுக்குழுவின் ஒப்புதல்கூடப் பெறாமல் கையெழுத்து போடப்பட்டதாகச் சிறப்புப் புலனாய்வுக் குழு சொன்னது. எடுத்த வேலையை அந்தக் குழுமம் உள் ஒப்பந்தமாக இன்னொரு நிறுவனத்திடம் தள்ளிவிட்டது. அந்த நிறுவனத்துக்கு இந்த வேலைக்கான தகுதி இல்லை என்றது அதே குழு. முதன்மை வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 கம்பிகள் துருவேறி, விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக்கூடும் என்பதும் அதன் முடிவு.

இவற்றில் ஒன்றாவது அக்டோபர் 25 அன்று மோர்பி மக்களுக்குத் தெரிந்திருந்தால் என்ற எண்ணம் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. வடத்தைத் தொட்டவர் யார், அவருக்கு என்ன தகுதி, எவ்வளவு பணம் அவர் கைக்குப் போனது என்பதை ஊரறிய எழுதி வைத்திருந்தால், கேள்வி கேட்க ஒருவராவது எழுந்திருப்பார். ஆகவே அறத்தின் பக்கம் நின்று சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடலாம்: பொதுப்பணியை யாரிடம் கொடுத்தோம் என்று காட்டுவதோடு அரசின் கடமை முடிவதில்லை. அந்தப் பணியும் பணமும் கடைசியாக எந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்பது வரை, கேளாமலே, மக்கள் முன் வைக்க வேண்டும்.

உள் ஒப்பந்தம் நடக்கும் விதம் எல்லாரும் அறிந்ததே. டெண்டர் எடுப்பவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர், அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பங்கு கழிகிறது. கழிந்த பங்கு வானத்திலிருந்து வருவதில்லை. சிமெண்டிலிருந்தும் கம்பியிலிருந்தும் கூலியிலிருந்தும்தான் அது எடுக்கப்படுகிறது. அலுவலகக் கோப்பில் மேலே இருப்பவர் பெயர் மட்டும் இருக்கும். பாலம் இடிந்தால், குழிக்குள் ஆள் விழுந்தால், மேலே இருப்பவர் கீழே கைகாட்டுவார். கீழே இருப்பவர் ஊரை விட்டுப் போயிருப்பார். பெயர் மறைந்த இடத்தில் பொறுப்பும் மறைகிறது.

முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர் நிர்வாகக் குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரைப் பின்னர்த் தேர்தலில் நிற்கத் தகாதவர் என்று விலக்கியது. அவருடைய நெருங்கிய உறவினரையும் சேர்த்தே விலக்கியது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த ஊரார் பினாமியின் வழியைக்கூட அடைத்துவிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் பாருங்கள். கோயில் பணிக்கென அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர், அவர்கள் குடியிருந்த வீடு, பெற்ற பங்கு எல்லாம் கல்லில் இருக்கின்றன. மாமன்னன் ராஜராஜன் கொடுத்த கொடை கடைசியில் யாரிடம் சேர்ந்தது என்பது, கோயிலை வலம்வந்த எவரும் காணும் இடத்தில் வெட்டப்பட்டது. உளியால் முடிந்தது கணினியால் முடியாதா?

வள்ளுவர் வினையை ஒருவரிடம் ஒப்படைப்பதற்கென்றே ‘தெரிந்து வினையாடல்’ என்று தனி அதிகாரம் வகுத்தார். ஆளையும் வழியையும் ஆராய்ந்த பிறகே வேலையை ஒப்படைக்கச் சொன்ன அவர், ஒப்படைத்த பிறகும் வேலை செய்பவனை அரசன் நாள்தோறும் கவனிக்க வேண்டும் என்றுதான் அந்த அதிகாரத்தை முடிக்கிறார். கௌடில்யர் அதிகாரிகள் அரசுப் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று எண்ணிக் காட்டினார். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை ஆராயாமல் ஏற்றான். தீர விசாரிக்க வேண்டிய வேலையைப் பிறன் நாவுக்கு விட்டுவிட்ட அந்தக் குற்றம் அவன் உயிரையும் மதுரையையும் கொண்டுபோனது.

நம் காலத்திலும் வழிகாட்டிகள் உண்டு. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற மக்கள் அமைப்பு 1994இல் ஊர் நடுவில் பொது விசாரணைகளைத் தொடங்கியது. பஞ்சாயத்துப் பணிகளின் ரசீதுகளும் வருகைப் பதிவேடுகளும் உரக்கப் படிக்கப்பட்டன. வேலையே செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. 1996இல் பியாவரில் அவர்கள் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் போராட்டம் விதையானது. அரசுப் பணிகளை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைப் பெறவும்கூட அந்தச் சட்டம் குடிமகனுக்கு உரிமை தருகிறது. கேளாமலே வெளியிடும் கடமையை அதன் 4ஆம் பிரிவு அரசுக்கு விதிக்கிறது. தமிழ்நாடும் 1998இலேயே ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் டெண்டர் யாருக்கு என்பது வரை விளக்கு எரிந்தால் போதாது. அதற்குக் கீழே உள்ள படிகளில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

வணிக ரகசியம் என்று ஒன்று உண்டு; அதை மறுப்பதற்கில்லை. எல்லாவற்றையும் வெளியிட்டால் வேலை தாமதப்படும் என்ற கவலையிலும் சிறிது உண்மை இருக்கலாம். ஆனால் தகவல் உரிமைச் சட்டமே வணிக ரகசியத்துக்கு விலக்கு அளித்துவிட்டு, பெரிய பொதுநலன் வேண்டுமானால் அதையும் வெளியிடலாம் என்கிறது. ஒரு நிறுவனத்தின் தயாரிப்பு முறை ரகசியமாக இருக்கட்டும். மக்கள் பணத்தை வாங்கியவரின் பெயர் எப்படி ரகசியமாகும்? 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்க வேண்டும் என்று வகுத்தது. கைமாற்றிக் கொடுத்தாலும் பொறுப்பு கைமாறாது என்ற நெறி நமக்குப் புதிதல்ல.

ஆகவே ஒவ்வொரு பொதுப்பணியிலும் உள் ஒப்பந்ததாரர் யார், அவர் தகுதி என்ன, ஏற்ற வேலை எது, பெற்ற தொகை எவ்வளவு, சரிபார்த்துக் கையெழுத்திட்ட பொறியாளர் யார் என்ற ஐந்தும் வேலை நடக்கும் இடத்துப் பலகையிலும் துறையின் இணையதளத்திலும் அந்தந்தப் பகுதி மக்களின் மொழியில் இருக்க வேண்டும். இவற்றை எழுதாத பணிக்கு ஒரு ரூபாயும் விடுவிக்கக் கூடாது.

ஆள்பவர்களே, நீங்கள் செலவழிப்பது உங்கள் பணம் அன்று. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரியாகக் கொடுத்த பணம் அது. மறைத்துச் செய்யும் நன்மையை மக்கள் நம்பவும் வேண்டியதில்லை. குடிமக்களுக்கும் ஒரு சொல்: பாலம் விழுந்த பிறகு அழுவது இரக்கம், விழுவதற்கு முன்பே கணக்குக் கேட்பது அறம். உங்கள் தெருவில் தோண்டப்படும் குழிக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.