உடலுக்கு விலையுண்டோ? – நட்டஈட்டின் அறம் பற்றிய ஒரு நோக்கு

பனைமரத்திலிருந்து வீழ்ந்து முள்ளந்தண்டு முறிவுற்ற சீவல் தொழிலாளிக்கு நட்டஈடு வழங்கும் கடமை யாருக்குரியது? யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்துவரும் இவ்விபத்தைப் பற்றி நாம் இரக்கத்தோடு பேசியதுண்டு. கடமையுணர்வோடு பேசியது குறைவு. இரக்கம் வேறு, கடன் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பனை 30 மீற்றர் வரை உயரக்கூடிய மரம். தளைநாரைக் காலிற் பூட்டி, பாளைக்கத்தியை உடன்கொண்டு, காலையும் மாலையும் அதன் உச்சிக்கு ஏறி இறங்குவதே சீவல் தொழில். பருவகாலத்தில் ஏறாது விடுதல் எளிதன்று. சீவாத பாளையின் வெட்டுவாய் காய்ந்து, சாறு சுரப்பது நின்றுவிடும். மழையில் வழுக்கும் மரத்திலும் தொழிலாளி ஏறுவது இதனாலேயே. வீழ்ந்தும் உயிர்தப்பியோருட் சிலர் இடுப்புக்குக் கீழ் உணர்வையும் அசைவையும் இழந்துவிடுகின்றனர். அதன்பின் படுக்கைப் புண்ணோடும் சிறுநீர்த் தொற்றோடும் போராடும் வாழ்வு தொடங்குகின்றது. வருமானம் நின்றுபோன வீட்டிலே செலவு பெருகுகின்றது. பராமரிப்பின் பொருட்டு மனைவியோ மகளோ தம் உழைப்பையும் கல்வியையும் கைவிட நேர்கின்றது.

இத்தகைய இழப்புக்கு ஈடாகப் பணம் தருவதன் பொருள் யாது? அது உறுப்பின் விலையா? குற்றத்துக்கான தண்டனையா? அன்றி வேறொன்றா?

விலை என்னும் கருத்தை முதலில் நோக்குவோம். பிறர் தவறால் விளைந்த சேதத்துக்கு ஈடு கோரும் வழக்குகள் இலங்கையில் உரோமன்–டச்சுச் சட்டத்தின்பாற் படுவன. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் இயற்றப்பட்ட அக்குவிலியச் சட்டமே அதன் மூலமாகும். பிறனது அடிமையையோ கால்நடையையோ தவறாகக் கொன்றவன், அதற்கு முந்திய ஓராண்டில் அது பெற்றிருக்கக்கூடிய மிகவுயர்ந்த விலையை உடைமையாளனுக்குச் செலுத்தவேண்டும் என அச்சட்டம் விதித்தது. இச்சட்ட மரபு ஒல்லாந்தர் வழியாக இலங்கையை வந்தடைந்தது. அவ்வொல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமையோ, சீவல் தொழில் செய்த சமூகத்தை அடிமை வகுப்புகளுள் ஒன்றாகவே குறித்தது. 1844 இல் அடிமை முறை சட்டப்படி ஒழியும்வரை, அடிமைப்பட்டோரின் உடல் பிறனது உடைமைக் கணக்கிலேயே இருந்தது. உடலுக்கு விலை குறிக்கப்பட்ட அக்காலத்தில், அவ்விலை அவ்வுடலில் வாழ்ந்தவனைச் சேரவில்லை என்பது கருதத்தக்கது.

அடிமையல்லாத மனிதனின் உடல் மதிப்பீட்டுக்கு அப்பாற்பட்டது என்றனர் உரோமச் சட்ட அறிஞர். எனவே அவனுக்கு மருத்துவச் செலவும் இழந்த உழைப்பின் பயனும் கணக்கிடப்பட்டன; தழும்புக்கு எதுவும் கணக்கிடப்படவில்லை. வலிக்கும் துன்பத்துக்கும் ஈடு தரும் வழக்கு பிற்கால ஐரோப்பிய மரபிலே தோன்றியது. மனித உடலை விலைப்பொருளாக்க மறுத்த உரோமரின் கருத்து உயர்ந்ததே. ஆயினும் விலைமதிப்பற்ற ஒன்றை இழந்தவன் வெறுங்கையோடு திரும்பவேண்டும் என்னும் முடிவுக்கு அது இட்டுச் செல்லுமாயின், அவ்வுயர்வினால் அவனுக்கு யாது பயன்?

இனித் தண்டனை என்னும் கருத்தை எடுத்துக்கொள்வோம். கன்றை இழந்த பசுவின் பொருட்டுத் தன் மகனைத் தேர்க்காலிலிட்ட மன்னனின் கதையைத் திருவாரூரோடு சார்த்திப் பெரியபுராணம் கூறும். மகாவம்சம் அதையொத்த கதையை எல்லாளனுக்கு உரியதாகக் கூறும். இரு நூல்களும் போற்றுவது மன்னனின் நடுவுநிலையையே. ஆயினும் மன்னன் மகனை இழந்ததால் பசு தன் கன்றைப் பெற்றுவிடவில்லை. பெரியபுராணத்தில் இறைவன் தோன்றிக் கன்றையும் மைந்தனையும் உயிர்ப்பிக்கவேண்டியதாயிற்று. தண்டனை நீதியின் ஒரு பாதியாகலாம். துன்புற்றவர் நாளை எவ்வாறு வாழ்வார் என்ற வினா அதற்குள் அடங்குவதில்லை.

இன்றைய வழக்கு மன்றத்தில் துன்புற்றவர் எதிர்கொள்ளும் நிலையையும் காணல் வேண்டும். எதிராளி கவனயீனமாக நடந்தார் என்பதையும், அக்கவனயீனமே சேதத்தை விளைத்தது என்பதையும் வழக்காளியே எண்பிக்க வேண்டும். வழக்குத் தொடரக் காலவிதிப்புச் சட்டம் அளிக்கும் அவகாசம் பொதுவாக இரண்டு ஆண்டுகளே. படுக்கையிற் கிடப்பவருக்கு இரண்டு ஆண்டுகள் மருத்துவமனை வாயில்களிலேயே கழிந்துவிடும். குழந்தையொன்றின் மரணம் தொடர்பாக மருத்துவப் பேராசிரியர் ஒருவருக்கு எதிராகத் தொடரப்பட்ட புகழ்பெற்ற வழக்கில், மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கத் தீர்ப்பளித்தது. 2001 இல் உயர் நீதிமன்றமோ, கவனயீனம் இருந்ததெனக் கண்டும், அதுவே மரணத்தை விளைத்தது என்பது எண்பிக்கப்படவில்லையெனக் கூறி வழக்கைத் தள்ளியது. சட்ட தருக்கத்தில் அது பிழையன்று. எனினும் இழப்பின் பெருமையும் ஈட்டின் அளவும் ஒன்றோடொன்று தொடர்பற்றுப் போகக்கூடும் என்பதை அத்தீர்ப்பு உணர்த்துகின்றது.

தவறை எண்பிக்காமலே ஈடு பெறும் வழியொன்றும் உண்டு. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது வேலை காரணமாக நிகழும் விபத்துக்குத் தொழில்கொள்வோரைப் பொறுப்பாக்குகின்றது. அதன் உச்ச வரம்பு 2022 இல் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆனால் அச்சட்டத்தின் வாயிலில் நிற்கும் வினா, “உமது முதலாளி யார்?” என்பதாகும். பிறர் காணியில் நிற்கும் மரத்தைக் குத்தகைக்குப் பெற்று, இறக்கிய கள்ளைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு வழங்கும் தொழிலாளி இதற்கு யாரைக் காட்டுவார்? காணிக்காரர் குத்தகைக்கு விட்டவர். சங்கமோ அவரும் அங்கத்தவராயுள்ள அமைப்பு. மரத்தின் பயன் பலரிடையே பகிரப்படுகின்றது. வீழ்ச்சி மட்டும் ஒருவருக்கே உரியதாகின்றது.

ஆகவே, “யாருடைய தவறு?” என்ற வினாவோடு, “யாருடைய நன்மைக்காக இவ்வாபத்து ஏற்கப்பட்டது?” என்ற வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும். காணிக்காரர் குத்தகை பெறுகின்றார். அருந்துவோர் கள்ளைப் பெறுகின்றனர். அரசு மதுவரி முறையால் வருவாய் பெறுகின்றது. பயனிற் பங்குகொண்டோர் சேதத்திலும் பங்குகொள்வதே முறை. நட்டஈடு என்பது உறுப்பின் விலையுமன்று, தண்டனையுமன்று. பிறர் ஏற்ற ஆபத்தினால் நாம் பெற்ற பயனுக்குரிய கடன் என்பதே எமது துணிபு. இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவுமன்று. கேரளம் 1969 இலேயே கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தை இயற்றியது. நியூசிலாந்து 1974 முதல், விபத்தால் உடற்சேதமுற்றோர்க்குத் தவறு யாருடையது என வினவாது பொதுநிதியிலிருந்து ஈடு வழங்கி வருகின்றது.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. அனைவரும் கொடுப்பதாயின் எவரும் பொறுப்பாளியல்லர் என்றாகிவிடாதா? இம்மறுப்பைப் புறக்கணித்தல் இயலாது. 2023 இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட சிறுமியொருத்தி கையை இழந்தபோது மக்கள் கேட்டது பணத்தொகையை மட்டுமன்று. நிகழ்ந்தது என்ன என்பதையுமாகும். போரினால் உறுப்பிழந்தோரும் அவ்வாறே. முகமாலை மண்ணில் இரு தரப்பினரும் விதைத்த கண்ணிவெடிகளுள் தம் காலைப் பறித்தது யாருடையது என எண்பிக்க அவர்களால் இயலாது. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டம் இழப்பீட்டுக்கான அலுவலகத்தை நிறுவியது. எனினும் உண்மை கூறப்படாது வழங்கப்படும் பணம், வாயடைக்கும் பணமாகவே பலருக்குத் தோன்றுகின்றது.

எனவே துன்புற்றவருக்கு நாம் இரு கடன்களைச் செலுத்தவேண்டியவர்களாகின்றோம்: ஒன்று வாழ்வுக்குரிய பொருள், மற்றையது நிகழ்ந்ததன் உண்மை. தவறு எண்பிக்கப்படும்வரை பொருள் காத்திருத்தல் ஆகாது. பொருள் கொடுத்தாயிற்று என்பதற்காக உண்மையைத் தேடும் விசாரணை நின்றுவிடுதலும் ஆகாது. முன்னையது பொதுநிதியின் பணி. பின்னையது நீதிமன்றத்தின் பணி.

எம் சமூகம் ஈகையிற் குறைந்ததன்று. வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணத்தால் சக்கர நாற்காலிகள் வழங்கப்படுகின்றன. வழங்குவோரின் படங்களும் வெளியாகின்றன. அவ்வுதவியை இகழ்தல் எமது கருத்தன்று. ஆனால் ஈகை ஈவோரின் மனநிலையைப் பொறுத்தது. இவ்வாண்டு வரும், அடுத்த ஆண்டு வராது போகலாம். பெறுபவர் நன்றி கூறியாகவேண்டும். உரிமையாகப் பெறுபவருக்கு அத்தேவையில்லை. வராதவிடத்து, ஏன் வரவில்லையென அவர் கேட்கலாம். ஒவ்வொரு போத்தல் கள்ளிலிருந்தும் சிறு தொகை ஒதுக்கப்பட்டு, வீழ்ந்தவருக்கு வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் வழங்கப்படும் நிதியொன்று சட்டத்தால் உறுதிசெய்யப்படுமாயின், அவர் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. அத்தகைய நிதியின் விதிகளை வகுக்கவல்ல சட்ட மாணவரும், ஆபத்தைக் கணிக்கவல்ல பொருளியலாளரும், பாதுகாப்பான ஏறுகருவியை ஆக்கவல்ல பொறியியலாளரும் நம் பல்கலைக்கழகங்களில் உளர். அம்மரங்களின் வருவாயாற் கல்வி பெற்றவர்களும் அவர்களிடையே இருப்பர்.