அயல்நாட்டில் படிக்கும் பிள்ளைக்கு எந்த வீடு?

 

ஒரு காலத்தில் நம் கம்மாபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு என்றால் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான். அறை எடுத்துத் தங்கினாலும் வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்து ஜும்ஆவில் நின்றுவிடுவார்கள். இப்போது இங்கிலாந்து, ஜெர்மனி என்று போகிறார்கள். நல்லதுதான்.

சென்ற மாதம் நம் மக்தபில் ஓதிய ஒரு பிள்ளை இங்கிலாந்திலிருந்து பேசினான். "ஹஜ்ரத், ரெண்டு இடம் பார்த்திருக்கேன். எதை எடுக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றான். அவனிடமும் அவனுடைய அத்தாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

முதல் வீடு பள்ளிவாசலிலிருந்து ஐந்து நிமிட நடை. ஏழு பேரும் முஸ்லிம் பையன்கள், ஹலால் சமையல், வாடகையும் குறைவு. ஆனால் வீட்டுக்காரரிடம் மூன்று பேர் என்று சொல்லித்தான் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அவர் பார்க்க வரும் நாளில் மற்ற நான்கு பேரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும்.

இரண்டாவது, பல்கலைக்கழக விடுதி. தனி அறை, சாவி அவன் கையில். சமையலறை மட்டும் ஐந்து பேருக்குப் பொது. மற்ற நால்வரும் முஸ்லிம் அல்லாத மாணவர்கள். ஃபிரிட்ஜில் பன்றி இறைச்சியும் இருக்கும், பீரும் இருக்கும். பள்ளிவாசலுக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். வாடகை அதிகம்.

அத்தா முதல் வீட்டைத்தான் எடுக்கச் சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். அந்த நான்கு பேர் வெளியே போய் நிற்பதுதான் என்னைத் தடுத்தது. "நாளைக்குப் பேசலாம் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

பன்றி இறைச்சி சமைத்த அடுப்பில் எப்படிச் சமைப்பது? இந்தக் கேள்வி புதிதல்ல. அபூ ஸஃலபா அல்குஷனீ (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம், நாங்கள் வேதக்காரர்கள் நடுவே வாழ்கிறோம், அவர்களுடைய பாத்திரங்களில் உண்ணலாமா என்று கேட்டார்கள். அவர்கள் அவற்றில் பன்றி இறைச்சி சமைப்பதையும் மது அருந்துவதையும் சொல்லியே கேட்டதாக அபூதாவூதின் அறிவிப்பில் வருகிறது. வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் உண்ணுங்கள், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு அதிலேயே உண்ணுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). பாத்திரத்தின் அசுத்தம் தண்ணீரில் போய்விடும். இரண்டு சட்டியும் ஒரு தவாவும் தனியாக வாங்கி அறையில் வைத்துக்கொண்டால் அந்தக் கவலையும் இல்லை.

தூரமா? பனூ ஸலிமா கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவிக்கு அருகில் குடிவர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்று அண்ணலார் தடுத்துவிட்டார்கள் (முஸ்லிம்). ஆனாலும் தூரத்தை நான் லேசாகச் சொல்லவில்லை. லண்டனில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதேகாலும் தாண்டிவிடும், பிறகு இஷா, சில மணி நேரத்தில் ஃபஜ்ர். தனியாக இருக்கும் பிள்ளைக்கு எழுப்பிவிட ஆளில்லை. மந்தையைவிட்டு விலகிய ஆட்டைத்தான் ஓநாய் தின்னும் என்ற ஹதீஸ் ஜமாஅத்தைப் பற்றித்தான் வந்திருக்கிறது. அத்தாவின் பயம் வீண் பயம் அல்ல.

இப்போது முதல் வீட்டைப் பாருங்கள். அதன் அசுத்தம் எந்தத் தண்ணீரில் போகும்? ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று ஈமான் கொண்டவர்களை அழைத்துத்தான் அல்மாயிதா சூரா தொடங்குகிறது. எதிர்த்தரப்பு முஸ்லிமாக இருந்தால் மட்டும் என்று அதில் இல்லை. இங்கிலாந்தின் சட்டப்படி, ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறையைப் பகிர்ந்து வாழ்ந்தால் அந்த வீட்டுக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். தீ விபத்தில் உயிர்கள் போகக்கூடாது என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. மூன்று பேருக்கான வீட்டில் ஏழு பேர் படுத்திருப்பது பொய் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

இன்னொன்றும் மனதை உறுத்தியது. நம் நகரங்களில் பெயரைக் கேட்டதும் "வீடு காலி இல்லை" என்று கதவைச் சாத்தும் வேதனை நமக்குத் தெரியும். அங்கே ஒருவர் முஸ்லிம் பெயரைக் கேட்டும் நம்பிச் சாவியைக் கொடுத்திருக்கிறார். நாளை உண்மை தெரிந்தால், அடுத்து வரும் முஸ்லிம் பிள்ளையிடம் அவர் என்ன சொல்வார்?

மறுநாள் விடுதியை எடுக்கச் சொன்னேன். "அந்த நாலு பேரோட எப்படி ஹஜ்ரத் இருக்கிறது?" என்றான். மதீனா வந்த நபி (ஸல்) அவர்கள் அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) வீட்டில் தங்கியதைச் சொன்னேன். ஒருநாள் பூண்டு போட்ட உணவு வந்தது. நபியவர்கள் அதைத் தொடவில்லை. இது ஹராமா என்று அபூ அய்யூப் பதறிக் கேட்டபோது, இல்லை, எனக்கு அது பிடிப்பதில்லை என்று விளக்கினார்கள். தான் ஒதுங்கியதற்குக் காரணத்தை இதமாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். நீயும் முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிடு: இது நான் உண்ணாதது, இது என் தட்டு, இது நான் தொழும் நேரம். ஆனால் அவர்கள் மது அருந்த உட்காரும்போது அந்த இடத்தில் உட்காராதே. ஆண்களும் பெண்களும் கலந்திருக்கும் பகுதி வேண்டாம். விண்ணப்பத்திலேயே ஆண்கள் மட்டும் தங்கும் பகுதியைக் கேள். பல பல்கலைக்கழகங்களில் தருகிறார்கள். பெண்பிள்ளைகளை அனுப்புவோர் இதை மறக்கவே கூடாது.

வாரத்தில் இரண்டு நாளாவது அந்தப் பள்ளிவாசல் ஜமாஅத்தில் போய் நிற்பதாக அவன் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அத்தாவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான். மாத வாடகையைக் கட்டுவது அவரல்லவா!

பெற்றோர்களே, ஃபோனில் "சாப்பிட்டியா, தொழுதியா" என்று கேட்கிறீர்கள். அந்த வீட்டு ஒப்பந்தத்தில் உன் பெயர் இருக்கிறதா என்றும் ஒருமுறை கேளுங்கள். கூடுதல் வாடகைக்காக வட்டிக்கு வாங்கப் போவதற்கு முன், அழகிய கடனுக்கு வழி உண்டா என்று ஜமாஅத் நிர்வாகிகளை வந்து பாருங்கள். வர வெட்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.