தூய நீரும் தீங்கற்ற நீரும்

ஒளூச் செய்யத் தகுந்த நீர் யாவும் பருகத் தகுந்த நீர்தானா? ஃபிக்ஹு நூற்களின் முதற் பாடமே நீரைப் பற்றியதாதலால், மாணவருள் ஒருவரேனும் இவ்வினாவை எழுப்பாத ஆண்டில்லை.

நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றும் அசுத்தத்தால் மாறாத பெருநீர் தூயது என்பது சட்டம். கண்ணும் நாவும் மூக்கும் சாட்சி சொன்னாற் போதும். அறிய இயலாததை மனிதன் மீது சுமத்தாத அருள் அது. ஆனால் உடல்நலத்துக்கும் இச்சாட்சியமே போதுமென்று முடிவு கட்டியவர்கள் நாமேயன்றி இமாம்கள் அல்லர். ஷாஃபிஈ மத்ஹபில் ‘முஷம்மஸ்’ என்றொரு வகையுண்டு. வெப்ப நாடுகளில், உலோகப் பாத்திரத்தில் வெயிலாற் சூடேறிய நீர் அது. தூயது, தூய்மை செய்யவும் வல்லது. எனினும் அதனை உடலிற் பயன்படுத்துவது மக்ரூஹ் என்றனர். வெண்குட்டம் உண்டாகலாமென்ற அச்சமே காரணம். இன்றைய மருத்துவம் அதனை ஏற்காமற் போகலாம்; அது வேறு செய்தி. தூய்மை வேறு, தீங்கின்மை வேறு என அவர்கள் பிரித்துக் கண்டனரே, அதுவே நாம் கருதத் தக்கது.

வங்காள தேசத்தில், குளத்து நீரைப் பருகிக் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மடிவதைத் தடுக்க, 1970-கள் தொடங்கிக் குழாய்க் கிணறுகள் பல லட்சம் இறக்கப்பட்டன. பளிங்கு போன்ற நீர்! 1993-இல் அந்நீரில் ஆர்சனிக் நஞ்சு இருப்பது தெரிய வந்தது. அதற்கு நிறமில்லை, சுவையில்லை, மணமுமில்லை. பின்னர்க் கிணறுகளைச் சோதித்துத் தீயவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினர்.

கிணறு இறக்கியவர் நன்மையையே நாடினார்; அவர் நற்கூலி அல்லாஹ்விடம். சிவப்புப் பூசிய பின்னும் வழிப்போக்கனுக்கு அதிலிருந்தே மொண்டு கொடுப்பவனின் நிலை என்ன? அறியாமை மன்னிக்கப்படும். அறிய வழியிருந்தும் அறிய மறுத்தல் அறியாமையாகுமா? ஆகாது என்பதே என் துணிபு.

நம் வீட்டுக் குழாய்க்கு வருவோம். குளோரின் வாடை கண்டு முகஞ்சுளிக்கிறோம். அளவோடு கலந்த அதுதான் காவல்; குளோரின் கலந்து வழங்கும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் அது எஞ்சியிருத்தல் வேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணயம். நீர் வராத வேளையில் குழாயின் விரிசல் வழியே சாக்கடை உட்புகும். ஆதலால், வரத் தொடங்கியதும் முதல் நீரைப் பிடித்துக் குடத்தில் நிரப்பலாகாது. கொதிக்க வைத்தாற் கிருமிகள் சாகும். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரிற் காணும் ஃபுளோரைடோ போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். அளவு மிகுந்தாற் பல்லிற் கறையேறும். நாட்செல்ல எலும்பும் கெடும்.

விருந்தினர் எவரும் தண்ணீரைக் குறித்து வினவுவதில்லை. நம் முகத்தை நம்பிப் பருகுகின்றனர். பள்ளிவாசல் வாயிலிற் குடிநீர்த் தொட்டி கட்டித் தந்தையார் பெயரைச் சலவைக் கல்லிற் பொறிப்போர் பலர். தொட்டி கழுவப்பட்ட நாளை அதனருகே எழுதி வைப்போரைத்தான் காணோம். குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக் கூடங்கள் மாவட்டங்களில் உள்ளன. கிருமிச் சோதனைக்கு வீட்டுப் புட்டி உதவாது. கிருமி நீக்கிய புட்டியைக் கேட்டுப் பெற்று, அதில் நீரெடுத்து, அன்றே கொண்டு சேர்த்தல் வேண்டும்.