மூன்றாமவர்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம் உண்டு: "உனக்காக ஜெபம் பண்ணிக்கிறேன்." வேலை போனவனிடம் சொல்வார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் சொல்வார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவரிடம் சொல்வார்கள். சொல்கிற தொனியைப் பொறுத்து அர்த்தம் மாறும். சில நேரம் "நான் உன்கூட இருக்கேன், இன்னும் சொல்லு" என்று பொருள். சில நேரம் "இதுக்கு மேல இதைப் பத்திப் பேச வேண்டாம்" என்று பொருள். சண்டைக்கு நடுவில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து இதையே சொன்னால், அதைவிடப் பெரிய வசவு கிடையாது. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும்.

நான் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தவன். விசுவாசம் மனித உறவுகளை என்ன செய்கிறது என்று கேட்டால் பிரசங்க மேடையில் ஒரு பதில் தயாராக இருக்கும்: அன்பைக் கற்றுக்கொடுக்கிறது, மன்னிக்கச் சொல்லித்தருகிறது. அது பொய்யில்லை. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நம்புகிறவனின் எந்த உறவிலும் மூன்று பேர் இருக்கிறார்கள். நான், நீ, ஆண்டவர். இந்த மூன்றாமவர் வந்து உட்கார்ந்த பிறகு மற்ற இருவருக்கும் இடையே பேச்சு கூடுகிறதா, குறைகிறதா? இந்தக் கேள்வி எனக்கு எங்கள் வீட்டிலிருந்தே கிடைத்தது.

என் தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு விளை. எல்லைக் கல் எங்கே என்பதில் தகராறு. நாலு பனை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் மொத்த வழக்கும். இருவர் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு. ஒரே கோயில், ஒரே ஆராதனை, எதிரெதிர் ஓரங்களில் பெஞ்சு. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தாத்தா இறந்தார். அடக்க ஆராதனைக்கு முன்னால் சின்னத் தாத்தா வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்றார். என் அப்பாவைப் பார்த்து, "ஒரு ராத்திரிகூட அண்ணன் பேரைச் சொல்லாம நான் முழங்கால்ல இருந்து எந்திரிச்சது இல்லடா" என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆச்சி தலையைத் தூக்கினாள். "அவரும்தான் தம்பி. குடும்ப ஜெபத்துல முதல் பேரு உங்க பேருதான். ரெண்டு பேரும் ஆண்டவர்ட்ட சொல்லியிருக்கீங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லலையே." அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அந்த இரண்டு கிழவர்களும் போலிகள் இல்லை. பதினோரு வருஷம் தினமும் ஒருவன் பெயரைச் சொல்லி அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பது லேசான காரியமும் இல்லை. வெறுப்பு முற்றிப் போகாமல் அந்த ஜெபம்தான் காத்தது என்றே நினைக்கிறேன். எங்கள் ஊரில் இதைவிடச் சின்னத் தகராறுகள் அரிவாள்வரை போயிருக்கின்றன. ஆனால் அதே ஜெபம்தான் அவர்கள் இரண்டு தெரு தாண்டி நடக்காமல் இருப்பதற்கும் வசதி செய்து கொடுத்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்ற நிம்மதியோடு தினமும் தூங்கப் போனார்கள். சொன்ன இடம்தான் வேறு.

என் தொழிலில் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் பல நேரம் நேராக அனுப்ப மாட்டோம். நடுவில் மெசேஜ் க்யூ ஒன்றை வைப்போம். அனுப்புகிறவர் அதில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கலாம். பெறுகிறவர் அந்த நேரம் விழித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒருவருக்கு இன்னொருவர் யாரென்றே தெரிய வேண்டாம். எந்திரங்களுக்கு இது மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் க்யூவில் போட்டதாலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டான். எதிர்ப்பக்கம் அதை எடுத்தாயிற்றா என்று பார்ப்பான். தாத்தாவும் அவர் தம்பியும் பார்க்கவில்லை.

இது எங்கள் ஊர்க் கேள்வி மட்டுமில்லை என்பது கீர்க்கெகார்டை வாசித்தபோது தெரிந்தது. டென்மார்க்கின் இந்தக் கிறிஸ்தவத் தத்துவவாதி 1840இல் ரெகினா ஓல்சன் என்ற பெண்ணோடு நிச்சயம் செய்துகொண்டார். அடுத்த வருஷமே அதை முறித்தார். ஏன் என்று அவளுக்குப் புரியும்படி ஒருநாளும் சொல்லவில்லை. பிறகு எழுதித் தள்ளினார். பெரும்பகுதி புனைபெயர்களில், சுற்றி வளைத்து. அவற்றில் பலவற்றுக்கு அடியில் அவள் இருக்கிறாள். 1847இல் வெளிவந்த 'அன்பின் செயல்கள்' என்ற நூலில் அவர் வைக்கும் கருத்துதான் இங்கே முக்கியம். அன்பு என்பது இரண்டு பேர் சமாச்சாரம் என்று உலகம் நினைக்கிறது. கிறிஸ்தவத்துக்கு அது மூன்று பேர் சமாச்சாரம், நடுவில் கடவுள் இருக்கிறார் என்கிறார். ஒருவரை நேசிப்பது என்றால் அவர் கடவுளை நேசிக்க உதவுவது.

1936இல் யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபர் இதற்கு ஒரு மறுப்பு எழுதினார். கடவுளை அடைவதற்காக ரெகினாவை விட வேண்டும் என்று நினைப்பதே கடவுளைத் தவறாகப் புரிந்துகொள்வது என்பது அவர் வாதம். படைக்கப்பட்ட மனிதர்கள் கடவுளுக்குப் போகிற வழியில் கிடக்கும் தடைகள் இல்லை, அவர்களே வழி. அவர்களை விலக்கிவிட்டுப் போகச் சொல்கிறவர் அவர்களைப் படைத்தவராக இருக்க முடியாது. இதை முதலில் வாசித்தபோது என் மனதில் வந்தது ஆச்சியின் குரல்தான். ஆச்சி எட்டாம் வகுப்பு.

ஆனால் வழக்கை அங்கேயே முடித்துவிட முடியாது. மூன்றாமவருக்காகப் பேசவும் ஒருவர் வேண்டும். எனக்குத் தெரிந்து அதைச் சிறப்பாகச் செய்தவர் டீட்ரிச் போன்ஹோஃபர். ஹிட்லர் காலத்தில் ஃபின்கன்வால்டே என்ற ஊரில் போதகர்களுக்கான பள்ளி ஒன்றை நடத்தியவர். 1937இல் கெஸ்டாபோ அதை மூடியது. அங்கே கூடி வாழ்ந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய சிறு நூல் 1939இல் வெளிவந்தது. எனக்கும் இன்னொருவனுக்கும் நடுவில் கிறிஸ்து நிற்கிறார், ஆகவே நான் அவனை நேராகப் பிடித்து ஆட்ட முடியாது என்கிறார் அதில். நடுவில் யாரும் இல்லாத அன்பு சீக்கிரமே அடுத்தவனைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கப் பார்க்கும். சகோதரனிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவதைவிட, கிறிஸ்துவிடம் சகோதரனைப் பற்றி அதிகம் பேசுவதே நல்லது என்றுகூடச் சொல்கிறார்.

இதிலும் உண்மை இருக்கிறது. என் அத்தை ஒருத்தி, மகனின் வேலை, கல்யாணம், தாடி என்று எல்லாவற்றையும் ஃபோனில் தினமும் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவன் ஃபோன் எடுப்பதையே விட்டுவிட்டான். ஒருநாள், "அவனை ஆண்டவர் கையில விட்டுட்டேன்" என்று நிறுத்திக்கொண்டாள். ஆறு மாதத்தில் அவனே கூப்பிட ஆரம்பித்தான். நடுவில் மூன்றாமவர் வந்ததும் மகனுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. நான் சொல்லித்தான் இவன் திருந்த வேண்டும் என்ற சுமை தாயின் தலையிலிருந்து இறங்கியது.

அப்படியானால் இரண்டும் உண்மை. ஒரே மூன்றாமவர் ஒரு வீட்டில் பேச்சைத் திறக்கிறார், இன்னொரு வீட்டில் மூடுகிறார். எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? போன்ஹோஃபரிடமே பதில் இருக்கிறது. ஃபின்கன்வால்டேயில் ஒரு விதி வைத்திருந்தார். அங்கே இல்லாத ஒருவனைப் பற்றி யாரும் பேசக்கூடாது. தவறிப் பேசிவிட்டால் பிறகு அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்றும் கேட்கிறார்: பாவத்தைக் கடவுளிடம் அறிக்கையிடுவது ஏன் நமக்கு இவ்வளவு சுலபமாக இருக்கிறது, சகோதரனிடம் சொல்வது மட்டும் ஏன் கஷ்டமாக இருக்கிறது? பரிசுத்தமான கடவுளிடம் அல்லவா அதிகம் பயப்பட வேண்டும்? ஒருவேளை நாம் கடவுளிடம் பேசவே இல்லையோ, நமக்கு நாமே சொல்லி நம்மை நாமே மன்னித்துக்கொண்டோமோ என்று சந்தேகப்படுகிறார். எதிரில் இருக்கும் மனிதனின் முகம்தான் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

மத்தேயு சுவிசேஷத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறவனுக்கு, தன் சகோதரனுக்குத் தன்மேல் ஒரு குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போக வேண்டும். கவனிக்க வேண்டியது, குறை யாருக்கு என்பது. எனக்கு அவன்மேல் இருக்கும் கோபம் அங்கே பேச்சில் இல்லை. அவனுக்கு என்மேல் இருக்கும் மனத்தாங்கல்தான் காணிக்கையை நிறுத்துகிறது. மூன்றாமவரே சொல்கிறார்: என்னிடம் அப்புறம் வா, முதலில் அவனிடம் போ.

இந்த இடத்தில் தமிழ் பைபிளில் வரும் சொல் ஒப்புரவாகுதல். கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்தை இன்று ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். குறளில் ஒப்புரவறிதல் தனி அதிகாரம். அங்கே அந்தச் சொல்லுக்குச் சமாதானம் என்ற பொருள் இல்லை. ஊரோடு பொருந்தி, தன்னிடம் இருப்பதைப் பிறருக்குப் பயன்பட வைக்கும் நடத்தையைக் குறிக்கிறது. தெரிந்து எடுத்தார்களோ தெரியாமல் எடுத்தார்களோ, பொருத்தமான சொல் அமைந்துவிட்டது. மன்னிப்பை உட்கார்ந்த இடத்தில் இருந்தே கொடுத்துவிடலாம். ஒப்புரவுக்கு எழுந்து போக வேண்டும். நாலு பனையில் இரண்டை விட வேண்டியும் வரலாம்.

எழுந்து போகாத விசுவாசம் கட்டடமாகவே நின்ற ஊர் ஒன்று எங்கள் மாவட்டத்தில் உண்டு. வடக்கன்குளம். அங்கே 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயிலுக்கு இரண்டு சிறகுகள், நடுவில் சுவர். வேளாளரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் ஒரு சிறகில், நாடார்களும் மற்றவர்களும் இன்னொரு சிறகில். இரண்டும் சேரும் இடத்தில் பீடம். எந்தச் சிறகில் இருந்து பார்த்தாலும் பீடம் தெரியும். அடுத்த சிறகில் முழங்காலிட்டிருப்பவன் தெரிய மாட்டான். 1910இல் பாதிரிமார் அந்தச் சுவரை இடித்தார்கள். அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. தாத்தாவையும் அவர் தம்பியையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோயிலின் வரைபடம் ஞாபகம் வரும். இருவரும் ஒரே பீடத்தைத்தான் பார்த்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. "நீயே போய்ச் சமாதானம் ஆயிடு" என்பது யாரிடம் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணிடம்தான் அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. "ஜெபம் பண்ணும்மா, ஆண்டவர் அவரை மாத்துவார்." அங்கே மூன்றாமவர் சாட்சி சொல்ல வந்தவரின் வாயைப் பொத்தும் கையாக ஆகிவிடுகிறார். அதே மத்தேயுவில் இதற்கும் முறை இருக்கிறது. தப்பு செய்தவனிடம் முதலில் தனியாகப் பேசு. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்காவிட்டால் சபையிடம் சொல். அந்த முறைப்படி பார்த்தால், அடிபடுகிறவள் வாய்விட்டுச் சொல்வது விசுவாசக் குறைச்சல் ஆகாது. அதைக் கேட்டுவிட்டு ஜெபக் குறிப்பில் எழுதிக்கொண்டு போகிற சபைதான் தன் வேலையைச் செய்யாமல் விடுகிறது.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது பல சபைகளின் மரபுகள் ஒன்றாகக் கலந்தன. 1950இல் வந்த அதன் திருவிருந்து ஆராதனை முறையில், கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து ஒரு வழக்கம் எடுத்துக்கொள்ளப்பட்டது: சமாதானம் கொடுத்தல். குருவானவர் கையிலிருந்து தொடங்கி, பெஞ்சு பெஞ்சாக, ஒருவர் இரு கைக்குள் இன்னொருவர் கையை வைத்து வாங்கி, வாங்கியதை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். பீடத்திலிருந்து நேராக எனக்கு வராது. பக்கத்தில் இருப்பவர் கை வழியாகத்தான் வரும். அவர் யாராக இருந்தாலும்.

எந்த இறையியல் புத்தகமும் என் கேள்விக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லவில்லை. நான் போகும் சபையில் இப்போது திரும்பி நின்று தூரத்திலிருந்து கும்பிடுவதோடு அது முடிந்துவிடுகிறது. நேரம் மிச்சம். யாருக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று முன்னாலேயே யோசித்து வருகிறவர்களுக்கும் வசதி.

கீர்க்கெகார்ட் 1849இல் ரெகினாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவள் வேறொருவரின் மனைவி. கடிதத்தை ஒட்டி, கணவருக்கு எழுதிய கடிதத்துக்குள் வைத்து, மனைவியிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டு அனுப்பினார். பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. 1855இல் கணவரின் வேலை நிமித்தம் ரெகினா கடல் கடந்து போக வேண்டி வந்தது. கிளம்புகிற நாளில் அவள் கோபன்ஹேகன் தெருவில் இறங்கி அவரைத் தேடிப் பிடித்து, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று நேரில் சொல்லிவிட்டுப் போனாள். அதே வருஷம் நவம்பரில் அவர் இறந்தார். பதினான்கு வருஷம் அவர் அத்தனை புத்தகங்களில் சுற்றிச் சுற்றி வந்ததை அவள் ஒரு வாக்கியத்தில் முடித்தாள். அந்த வாக்கியத்திலும் மூன்றாமவர் இருக்கிறார். ஆனால் அவள் அதைச் சொன்னது அவரிடம்.