“நான் பாத்துக்கிடுதேன்” என்ற வார்த்தை



நம்ம பசுவந்தனைப் பக்கத்துக் கிராமங்களில் வயசாளிகளிடம் பிறந்த தேதி கேட்டால், அநேகருக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதிக்கொடுத்த தேதிதான். இன்றைக்கோ பிள்ளைகள் ஒரு மாசத்துக்கு முன்னாலேயே நாளை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். கேக்கோடு முடிகிறதில்லை, கூடப் படிக்கிற பிள்ளைகளை வண்டி வைத்து எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும். வேதத்தில் பார்வோன் பிறந்தநாளிலும் ஏரோது பிறந்தநாளிலும் ஆளுக்கொரு உயிர் போயிற்று, ஆகையால் விசுவாசிக்கு இது ஆகாது என்று பிரசங்கிக்கிற ஊழியர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. பெண்பிள்ளைகள் கூடிச் சிரிக்கிறதில் என்ன பாவம்? என் கேள்வி வேறே.

சபையில் ஒரு சகோதரன் மகளுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு, அவளோடு ஆறு சிநேகிதிகளையும் சேர்த்து வேனில் குற்றாலம் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். “பாஸ்டர், என் மகளைப் பாக்கிற மாதிரியே எல்லாப் பிள்ளையையும் நான் பாத்துக்கிடுதேன்னு தாய்மார்ட்ட சொல்லிட்டேன். அது போதும்லா?” என்று கேட்டார்.

போதாது என்றேன். அவருக்கு முகம் வாடிப்போயிற்று. சொந்தப் பிள்ளையைப் போலப் பார்ப்பதைவிடப் பெரிய அன்பு என்ன இருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் சொந்தப் பிள்ளை விஷயத்தில் நாம் கொஞ்சம் துணிந்துவிடுகிறோம். “போ, ஒண்ணும் ஆகாது” என்று அனுப்பிவிடுகிறோம். அவள் வழுக்கி விழுந்து கை ஒடிந்தால் அந்த வருத்தத்தை நாமே சுமக்கலாம், நம்மை நாமே மன்னித்தும் கொள்ளலாம். அடுத்த வீட்டுப் பிள்ளை விழுந்தால் மன்னிக்கிற உரிமை நம் கையில் இல்லை. அது அந்தத் தாயினிடத்தில் இருக்கிறது.

பென்யமீனை எகிப்துக்குக் கூட்டிப்போக இரண்டு பேர் யாக்கோபிடம் கேட்டார்கள். முதலில் கேட்ட ரூபன், இவனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு குமாரரையும் கொன்றுபோடும் என்றான். பேரப்பிள்ளைகளைக் கொன்று கிழவனுக்கு என்ன ஆறுதல்? யாக்கோபு சம்மதிக்கவில்லை. பிற்பாடு யூதா வந்தான். அவன் தன் பிள்ளைகளை ஈடு வைக்கவில்லை. என்னிடத்தில் கேளும் என்று தன்னையே ஈடு வைத்தான். ஏர், ஓனான் என்று இரண்டு குமாரரைப் பறிகொடுத்தவன் அவன் என்பதை மறக்கக் கூடாது. யாக்கோபு பிள்ளையை அனுப்பினார். யூதாவும் அதை வெறும் வார்த்தையாக விடவில்லை. பென்யமீன் மாட்டிக்கொண்டபோது, அவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று எகிப்தின் அதிபதிக்கு முன்னால் போய் நின்றான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு சகோதரி, “ஜெபம்பண்ணிட்டுத்தானே போறோம், கர்த்தர் பாத்துக்கிட மாட்டாரா?” என்றார்கள். பார்ப்பார் அம்மா. ஆனால் பஸ்கா பண்டிகைக்குப் போய்த் திரும்பினபோது, பன்னிரண்டு வயது இயேசு கூட்டத்தோடு வருகிறார் என்று எண்ணிக்கொண்டு யோசேப்பும் மரியாளும் ஒருநாள் தூரம் நடந்துபோனார்கள். மூன்று நாளைக்குப் பின்புதான் தேவாலயத்தில் கண்டுபிடித்தார்கள். அவர்களைவிடவா நமக்கு விசுவாசம் அதிகம்? வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் தலையை எண்ணுங்கள். உங்கள் மகளைக் கடைசியாக எண்ணுங்கள்.

நம்ம கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பழக்கம் கிடையாது. கண்மாய் மழைக்காலத்தில் கொஞ்சநாள் நிறையும், பிறகு வெடித்துக் கிடக்கும். நீச்சல் எங்கே படிப்பார்கள்? தண்ணீரைக் கண்டால் ஆசையும் அதிகம். குற்றாலத்தில் நாம் நிற்கிற இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை, மலைமேல் பெய்தால் போதும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. 2023 பிப்ரவரி 15 அன்று, கால்பந்துப் போட்டிக்காக ஆசிரியரோடு புறப்பட்டுப்போன புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவிகள் நான்கு பேர் மாயனூரில் காவிரியில் மூழ்கிப்போனார்கள். அந்த நாலு வீட்டிலும் காலையில் சந்தோஷமாகத்தான் தலை பின்னி அனுப்பியிருப்பார்கள்.

சட்டமும் யார் பெற்ற பிள்ளை என்று பார்க்கிறதில்லை. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, அந்த நேரத்தில் பிள்ளை யார் பொறுப்பில் இருந்தது என்றுதான் கேட்கிறது. தெரிந்தே அசட்டை பண்ணியிருந்தால் 3 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு.

எனக்கு அதிகமாய் உறுத்துகிறது அந்தத் தாய்மாருடைய சம்மதம். அதிலே பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். ஒருநாள் கூலியை விட்டுக் கூடவர முடியாது. பிறந்தநாள் என்று ஆசையாய்க் கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்லவும் வாய் வராது. எந்த அருவி, வண்டி ஓட்டுகிறது யார் என்று அவர்கள் கேட்கவில்லை. கூட்டிப்போகிறது யார் என்று மட்டும் கேட்டார்கள். அப்படி வாங்கின சம்மதம் முழுச் சம்மதமா? ஆகையால் திரும்பவும் ஆறு வீட்டுக்கும் போங்கள் என்று அவரிடம் சொன்னேன். தண்ணீர் இருக்கிற இடம் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்றால் வருத்தப்படமாட்டேன் என்றும் சொல்லுங்கள் என்றேன். பரிசு வாங்கப் பணமில்லாமல் எந்தப் பிள்ளையும் நின்றுவிடக் கூடாது. தகப்பன் மட்டும் போனால் போதாது, விவரமுள்ள ஒரு அம்மாவும் கூடப்போக வேண்டும். பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு.

திரும்பி வரும்போது இருட்டிவிடும், எல்லாருக்கும் அசதியாயிருக்கும். தெருமுனையில் வேனை நிறுத்தி, “ஓடு பாப்பா” என்று இறக்கிவிடத் தோன்றும். அப்படிச் செய்யாமல் வாசல்வரைக்கும் நடந்துபோய், கதவைத் தட்டி, அந்தத் தாயின் கையில் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.